எண்ணெயின் ஆயுள்

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி, காரின் பானெட்டைத் தூக்கி, டிப்ஸ்டிக்கை உருவி, பழந்துணியால் ஒருமுறை துடைத்து மறுபடி விட்டெடுத்து, அதன் நுனியில் திரண்டு நிற்கும் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆயில் செத்துப்போச்சு சார்" என்று தீர்ப்புச் சொல்லும்போது, நாடி பிடித்த வைத்தியர் முன் நிற்கும் நோயாளியின் உறவினன்போல் நான் பேசாமல் தலையாட்டிவிடுவது வழக்கம். அதே காருடன் வந்த கையேடோ, அந்த எண்ணெய்க்கு இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர் ஆயுள் பாக்கியிருப்பதாகச் சொல்லுகிறது. அம்பாஸடர் காலத்திலிருந்து வண்டி வைத்திருக்கும் என் மைத்துனர், கையேட்டையும் மேஸ்திரியையும் ஒருங்கே அலட்சியம் செய்து, மூவாயிரம் ஓடியதும் மாற்றிவிடுகிறார். அவருடைய பிள்ளையாண்டான், விலை உயர்ந்த சிந்தெடிக் எண்ணெய் ஊற்றியிருப்பதால் பதினையாயிரம் வரைக்கும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்கிறான். ஒரே வீட்டுக்குள் இவ்வளவு அபிப்பிராய பேதம் இருக்கும் விஷயத்தைக் கொஞ்சம் ஆதியிலிருந்து விசாரித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

முதலில் "செத்துப்போச்சு" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடந்த ஒரு பொருள், எஞ்சினுக்குள் ஒரு வருஷம் ஓடியதும் உயிர் விடுகிறது என்றால், சாவது எண்ணெய்தானா, வேறு எதுவுமா என்று கேட்கத் தோன்றுமல்லவா? டப்பாவில் நாம் வாங்குவது வெறும் எண்ணெய் அன்று. நூற்றுக்கு 75 முதல் 90 பங்குவரை அடியெண்ணெய். சென்னைக்கு வடக்கே மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலை கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் சரக்குகளில் இதுவும் ஒன்று. மிச்சமுள்ளது மருந்துச் சரக்கு. எரிபொருள் எரிவதால் பிறக்கும் அமிலத்தை முறித்து, பிஸ்டன் வளையங்களில் படியும் அழுக்கையும் கழுவுவதற்குக் கால்சியம், மக்னீசியம் உப்புகள். கரித்தூளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்ட விடாமல் மிதக்கவைப்பதற்கு ஒன்று. எண்ணெய்ப் படலம் அறுந்துபோகிற இடத்தில் இரும்போடு இரும்பு உரசாமல் மெல்லிய பூச்சாக நிற்பதற்குத் துத்தநாகமும் பாஸ்வரமும் கலந்த ஒரு கூட்டுப்பொருள். காற்றோடு சேர்ந்து கெட்டியாகாமல் தடுப்பதற்கு ஒன்று. சூடேறும்போது எண்ணெய் தண்ணீராக இளகிவிடாமல் தாங்கிப் பிடிப்பதற்கு நீண்ட சங்கிலி வடிவமான பாலிமர். இந்தப் பரிவாரம் அத்தனையும் வேலை செய்யச் செய்யத் தானே செலவாகிக்கொண்டு வருகிறது: அமிலத்தை முறித்த உப்பு தானும் தீர்கிறது, பாலிமர்ச் சங்கிலி பற்சக்கரங்களுக்கிடையே நறுக்குண்டு குட்டையாகிறது. ஆகவே, எண்ணெய் சாகிறது என்பதைவிட, அதன் காவலாளர்கள் ஒவ்வொருவராக வீழ்ந்துவிட அது அநாதையாக நிற்கிறது என்பதே பொருந்தும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவது பெரும்பாலும் அநியாயம். புது எண்ணெய் ஊற்றிய டீசல் வண்டியில் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே டிப்ஸ்டிக் மைக்கூட்டில் தோய்த்தாற்போல் வருகிறதென்றால், எண்ணெய் கெட்டுவிட்டதென்று அர்த்தமல்ல. கரியைப் பிடித்துத் தன்னுள்ளே மிதக்க வைத்துக்கொள்ளும் தன் கடமையை அது ஒழுங்காகச் செய்கிறதென்றுதான் அர்த்தம். கறுக்காத எண்ணெயைக் கண்டுதான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் நம் மேஸ்திரியை முழுவதும் தள்ளிவிடுவதற்கில்லை. அவர் முகர்ந்தபோது பெட்ரோல் வாடை வந்திருந்தால் அது உண்மையான தடயம். விரல்களுக்கிடையே நறநறவென்றிருந்தால் ஏர் பில்டர் வழியே புழுதி நுழைந்திருக்கிறதென்று அனுமானிக்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தவுடன் உட்புறத்தில் மோரைக் கடைந்தாற்போல் வெளுத்த நுரை அப்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் அறியவேண்டிய ரசாயனம் ஒன்றுண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடுகிறதென்றாலும், பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் கசிந்து கீழே இறங்கும் கொஞ்சம், எஞ்சின் உஷ்ணமடையாத சமயங்களில் எண்ணெய்த்தொட்டியின் சுவர்களில் வியர்த்துப் படிகிறது. அதோடு எரியாத பெட்ரோலும் அமிலமும் துணைக்கு வருகின்றன. வண்டி நெடுந்தூரம் ஓடி எண்ணெய் நன்றாகக் காய்ந்தால் இவையெல்லாம் மறுபடி ஆவியாகிப் போய்விடும். ஓடாவிட்டால் தங்கிவிடும். ரேடியேட்டர்த் தண்ணீரின் முள் நடுவுக்கு வந்துவிட்டது, எஞ்சின் சூடாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கீழே தொட்டியிலுள்ள எண்ணெய் அந்த உஷ்ணத்தை எட்டுவதற்கு அதைவிட வெகுநேரம் பிடிக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

இப்பொழுது இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய 330 கிலோமீட்டர். மணிக்குச் சராசரி அறுபது வீதம் ஐந்தரை மணி நேரப் பிரயாணம். இப்படி முப்பது தடவை போனால் பதினாயிரம் கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. எஞ்சின் ஓடிய நேரம் 165 மணி. குளிர்ந்த நிலையில் சாவி திருகியது முப்பதே தடவை. மற்றொரு வண்டி மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் நிற்கிறது. காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருவது, மாலையில் அழைத்துவருவது, இடையே கடைத்தெரு, கோயில் என்று தலா மூன்று கிலோமீட்டராக நாளொன்றுக்கு நாலு ஓட்டம். சிக்னல்களில் நின்று நின்று போவதால் சராசரி மணிக்குப் பதினைந்துதான். வருஷத்தில் 250 நாள் இப்படி ஓடினால் மீட்டரில் ஏறுவது மூவாயிரம் கிலோமீட்டர்; எஞ்சின் ஓடிய நேரமோ 200 மணி; சாவி திருகியது ஆயிரம் தடவை. கிலோமீட்டரை மட்டும் பார்ப்பவன் இரண்டாவது வண்டியின் எண்ணெய் மூன்றில் ஒரு பங்குகூட உழைக்கவில்லை என்பான். அது அதிக மணி நேரம் உழைத்தது மட்டுமல்ல, ஒருநாளும் முழுக்கச் சூடேறாமல், தன்மேல் விழுந்த ஈரத்தையும் பெட்ரோலையும் உதற வழியில்லாமல் உழைத்திருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது மீட்டர் நிற்கிறது, எஞ்சின் நிற்பதில்லை. டிராக்டர்க்காரர்கள் இதை நெடுநாளாக அறிவார்கள். வயலில் கிலோமீட்டருக்கு அர்த்தமில்லாததால் அவர்கள் மணிக்கணக்கே பார்க்கிறார்கள், 250 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது அங்கே பரவலான வழக்கம். காரில் மணிமீட்டர் வைக்காததே இந்த விவகாரத்தின் மூலகாரணம் என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும்.

கிலோமீட்டர்க் கணக்கு வந்த கதையும் சுவாரஸ்யமானதே. ஆரம்ப காலக் கார்களில் எண்ணெயை வடிகட்டும் சாதனமே கிடையாது. போர்டு கம்பெனியின் புகழ்பெற்ற மாடல் டி வண்டியில் எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்பும் இல்லை; சுழலும் உறுப்புகள் தொட்டியிலிருந்து வாரியிறைக்கும் எண்ணெயே ஆங்காங்கு போய்ச் சேரவேண்டும். அந்த எண்ணெயிலும் மேலே சொன்ன மருந்துச் சரக்குகள் இல்லாதபடியால் அடிக்கடி மாற்றுவதைத் தவிர வேறு கதியில்லை. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவர் எண்ணெய் வடிகட்டியைக் கொண்டுவந்தார். தொட்டியில் சேரும் நச்சாவியை ரோட்டில் விட்டுவிடாமல் உறிஞ்சி மறுபடி எரிக்கும் ஏற்பாடு, புகைமூட்டத்தால் திணறிய கலிபோர்னியாவில் 1961 வாக்கில் புது வண்டிகளுக்கு வந்தது. காற்றைச் சுத்தம் செய்ய வந்த அந்த ஏற்பாடு, தொட்டியிலுள்ள ஈரத்தையும் அமிலத்தையும் இழுத்துக்கொண்டு போனதால் எண்ணெயின் ஆயுளையும் நீட்டித்தது. இவ்வாறு காலத்துக்குக் காலம் எண்ணெயும் எஞ்சினும் திருந்திக்கொண்டே வந்திருக்க, "மூவாயிரம் மைல் அல்லது மூன்று மாதம்" என்று அமெரிக்காவில் வேரூன்றிவிட்ட சூத்திரம் மட்டும் அசையவில்லை. வழியோரத்தில் பத்து நிமிஷத்தில் எண்ணெய் மாற்றித்தரும் கடைகள் அந்தச் சூத்திரத்தை நம்பியே பிழைத்தன என்பதும் அதற்கு ஒரு காரணம். கடைசியில் கலிபோர்னியாவின் கழிவு நிர்வாகத் துறையே, மூவாயிரம் மைல் என்பது கட்டுக்கதை, உங்கள் கையேட்டைப் பாருங்கள் என்று ஜனங்களிடம் பிரசாரம் செய்யவேண்டி வந்தது. என் மைத்துனருடைய மூவாயிரமும் அந்தக் குலத்ததுதானோ என்னவோ. மைல் எப்போது கிலோமீட்டராக மாறியது என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார்.

இந்தச் சூத்திரத்தைப் பரீக்ஷித்தவர்களில் பிரசித்தமானவர்கள் அமெரிக்காவின் "கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்" பத்திரிகையினர். நியூயார்க் நகரத்து டாக்ஸிகள் 75ஐ எடுத்து, அவற்றில் புதுப்பித்துக் கட்டிய எஞ்சின்களைப் பொருத்தி, சிலவற்றுக்கு மூவாயிரம் மைலுக்கும் சிலவற்றுக்கு ஆறாயிரம் மைலுக்கும் எண்ணெய் மாற்றி, ஒவ்வொன்றையும் அறுபதாயிரம் மைல் ஓட்டி, பின்பு எஞ்சின்களைக் கழற்றித் தேய்மானத்தை அளந்து, முடிவை 1996இல் வெளியிட்டார்கள். மூவாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை. விலை உயர்ந்த எண்ணெய்க்கும் சாதாரண எண்ணெய்க்கும் நடுவிலுங்கூடக் காணப்படவில்லை. சிக்கனக்காரர்கள் இதைப் படித்துக் குதூகலிப்பார்கள். ஆயினும் டாக்ஸியின் எஞ்சின் ஒரு நாளில் ஆறுவதே அபூர்வம். ஓட்டுநர் மாறுவார், வண்டி மாறாது. மயிலாப்பூர்ச் சந்தில் நிற்கும் நமது வண்டியின் துயரம் ஆயிரம் குளிர்ந்த தொடக்கங்கள். அந்தத் துயரத்தை டாக்ஸிப் பரீக்ஷை தொடவே இல்லை. நெரிசலில் உழலும் வண்டி கடும் உழைப்பாளி என்பதும் உண்மை, சூடாகவே இருக்கும் எண்ணெய் சுகமாக இருக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்தப் பரீக்ஷையைப் பிரமாணமாகக் காட்டுவது பொருந்தாது.

இந்த நுட்பத்தை யந்திரத்துக்கே கற்றுக்கொடுத்தால் என்ன என்று நினைத்தவர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சியாளர்கள். எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றியது, எண்ணெய் எந்த உஷ்ணத்தில் இருந்தது, எத்தனை முறை குளிர்ந்து தொடங்கியது என்பவற்றைக் கணித்து, எண்ணெயின் ஆயுளில் இவ்வளவு பாக்கி என்று ஓட்டுபவனுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டை அவர்கள் 1980களின் கடைசியில் வண்டிகளில் வைத்தார்கள். எண்ணெயைத் தொட்டுப் பார்க்காமலே அதன் உடல்நிலையைச் சொல்லும் அந்த ஜோதிடம் ஆச்சரியமான அளவுக்குப் பலித்தது. தொட்டுப் பார்த்தே சொல்லும் வழியை ரயில்வேக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கண்டுவிட்டார்கள்: டீசல் எஞ்சின் எண்ணெயில் ஒரு துளியை எரித்து, அதன் ஒளியைப் பிரித்து, இரும்பு இவ்வளவு, செம்பு இவ்வளவு, ஈயம் இவ்வளவு என்று கண்டறிந்து, எந்த பேரிங் தேய்கிறதென்று எஞ்சினைத் திறக்காமலே சொல்லிவிடுவார்கள், நம் நாட்டு டீசல் லோகோ ஷெட்டுகளிலும் இது நடைமுறையில் உள்ளதுதான். மூன்று லிட்டர் எண்ணெய் பிடிக்கும் சிறிய காருக்கு இந்தச் சோதனை செய்வது, கால் ரூபாய்ச் சாமானுக்கு முக்கால் ரூபாய் வண்டிக்கூலி கொடுப்பதாக முடியும். ஆகையால் சாதாரண மனிதனுக்குக் கையேடே கதி.

அந்தக் கையேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு படிக்கக்கூடாது. இந்தியாவில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குப் பதினாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது, என்பதே இன்றைய விதி; ஐரோப்பியக் கம்பெனிகள் சில பதினையாயிரம் வரை போகின்றன; ஐரோப்பாவிலேயே பிரத்தியேக எண்ணெய் ஊற்றினால் முப்பதாயிரம் கிலோமீட்டர், இரண்டு வருஷம் என்றும் உண்டு. இந்த எண்களை யந்திர சாஸ்திரம் மட்டும் நிர்ணயித்ததாக நினைக்கவேண்டாம். மொத்தமாக நூற்றுக்கணக்கில் கார் வாங்கும் ஸ்தாபனங்கள் பராமரிப்புச் செலவைக் கணக்குப் பார்த்தே வாங்குகின்றன. செலவு குறைவாகத் தெரியவேண்டுமானால் இடைவெளி நீளமாக இருக்கவேண்டும். முதல் சொந்தக்காரர் மூன்று நாலு வருஷத்தில் விற்றுவிடுவார். பத்தாவது வருஷத்தில் வண்டி எப்படியிருக்கும் என்பது அவருக்கும் கவலையில்லை, கம்பெனிக்கும் கவலையில்லை. எண்ணெய் மாற்றுகிறவனுடைய லாபம் ஒரு பக்கம் இழுத்தால் வண்டி செய்கிறவனுடைய லாபம் மறுபக்கம் இழுக்கிறது.

கையேட்டிலேயே, பலர் புரட்டாத ஒரு பக்கத்தில், "கடுமையான உபயோகம்" என்ற தலைப்பு இருக்கும். குறுகிய தூர ஓட்டம், அடிக்கடி நின்று போகும் நெரிசல், வெகுநேரம் நின்றபடி எஞ்சின் ஓடுவது, புழுதி, கடும் வெயில், பாரமிழுப்பது ஆகியவை அங்கே விதிவிலக்குகளாகச் சொல்லப்பட்டு, அவற்றுக்கு இடைவெளியைப் பாதியாக்கும்படி அறிவுரையும் இருக்கும். இந்தப் பட்டியலைப் படித்தபோது, இதில் அகப்படாமல் தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுகிற மனிதர் யார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கினி நட்சத்திரத்தில் அண்ணா சாலையில் நிற்பவனுக்கு விலக்கே விதி.

அண்மைக் காலத்தில் சில புதுச் சிக்கல்களும் சேர்ந்திருக்கின்றன. சிறிய எஞ்சினிலிருந்து பெரிய சக்தியைக் கறக்கும் டர்போ வண்டிகளில், செந்தணலாய்ச் சுழலும் டர்போவின் பேரிங்குக்கும் இதே எண்ணெய்தான் போகவேண்டும். உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பழைய கணக்கு. இவ்வகை எஞ்சின்களில் எழும் அகால வெடிப்பைத் தணிப்பதற்காகவே 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற தர வகுப்பில் தனிச் சோதனை வைத்தார்கள். பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்றுண்டு. அது அடைத்துக்கொள்ளும்போது, அதைச் சூடேற்றி எரிப்பதற்காகக் கூடுதல் டீசல் பாய்ச்சப்படுகிறது, அதில் ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து எண்ணெயில் கலக்கிறது. நகரத்துக்குள்ளேயே சுற்றும் வண்டியில் இந்த எரிப்பு நடுவழியில் தடைப்பட்டுத் தடைப்பட்டு நிகழ்வதால், டிப்ஸ்டிக்கில் எண்ணெயின் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும். எண்ணெய் குறையவே இல்லை, நல்ல எஞ்சின் என்று அகமகிழ்பவர் உண்மையில் நீர்த்துப்போன எண்ணெயில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது; சாராயம் ஈரத்தை ஈர்க்கும் பொருளாதலால், குறுந்தூர வண்டிகள் அதிக ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. மறுபுறம், கந்தகம் குறைந்தது பெரிய உபகாரம்: 2020 ஏப்ரலிலிருந்து நம் பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இல்லை, ஆகவே கந்தக அமிலத்தோடு எண்ணெய் முன்போல் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

சிந்தெடிக் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. 1970களில் அமெரிக்காவில் மோபில் 1 வந்தபோது 25,000 மைல் அல்லது ஒரு வருஷம் என்று விளம்பரம் செய்தார்கள். பின்னாளில் அந்த ஆர்ப்பாட்டம் அடங்கிவிட்டது. 1999இல் அந்நாட்டு விளம்பரத் தகராறு மன்றம் ஒன்று, மிகவும் சுத்திகரிக்கப்பட்ட கனிம எண்ணெயையும் சிந்தெடிக் என்று சொல்லி விற்கலாம் என்று தீர்ப்பளித்ததிலிருந்து அந்தச் சொல்லின் கற்பு சற்றுக் குறைந்துவிட்டது. நல்ல சிந்தெடிக் உஷ்ணத்தை அதிகம் தாங்கும், குளிரில் சீக்கிரம் ஓடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உள்ளே இறங்கும் தண்ணீரும் பெட்ரோலும் புழுதியும், டப்பாவின் விலையைப் பார்த்து இறங்குவதில்லை. என் மைத்துனரின் பிள்ளையாண்டான் இதைக் கவனிக்கவேண்டும்.

இவ்வளவையும் படித்தபின் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு சொல்பமானது. நெடுஞ்சாலையில் ஓடும் சாதாரணப் பெட்ரோல் காருக்குக் கையேட்டின் பதினாயிரம் தாராளமாகப் போதும். அதற்கு முன் மாற்றுவது பணத்தைச் சாக்கடையில் ஊற்றுவது. ஊருக்குள்ளேயே சுற்றுவதற்கு ஐயாயிரம் அல்லது ஆறு மாதம்; டர்போவுக்கும் வடிகட்டி வைத்த டீசலுக்கும் நெடுஞ்சாலையில் ஓடினாலுங்கூட ஏழாயிரத்தைத் தாண்டவிடமாட்டேன். மூவாயிரமும் ஓடாத வண்டியாயினும் வருஷம் ஒருமுறை மாற்றத்தான் வேண்டும், எண்ணெயோடு பில்டரையும் சேர்த்து. கையேடு 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ கேட்டிருக்க, கெட்டியாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லது என்று அம்பாஸடர் காலத்து 20டபிள்யூ-40ஐ ஊற்றுவது தவறு. குறுகலான துளைகளும் நெருக்கமான பேரிங்குகளும் உள்ள இன்றைய எஞ்சினில் அது காலையில் மேலே ஏறிச் சேர்வதற்குள் இரும்பு இரும்போடு பேசிவிடும்.

இடைவெளியைப் பற்றி இத்தனை தர்க்கம் செய்கிறவர்கள் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பதே இல்லை என்பதுதான் வேடிக்கை. பழைய எண்ணெயால் எஞ்சின் இறங்கிய வண்டிகளைவிட எண்ணெயே இல்லாமல் இறங்கிய வண்டிகளை மேஸ்திரி அதிகம் பார்த்திருக்கிறார். மாதம் ஒருமுறை, சமதரையில், எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து, இரண்டு குறிகளுக்கும் நடுவே இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காசு எதுவும் ஆகாது.

சென்ற வாரம் என் வண்டிக்கு முறை வந்தது. ஆறாயிரத்துச் சொச்சம்; ஏழு மாதம். எஞ்சின் சூடாயிருக்கும்போதே மேஸ்திரி அடியில் படுத்து டிரெயின் பிளக்கைத் திருக, நூலாக ஆரம்பித்து விரற்கனத்துக்குத் தடித்துக் கறுப்பாக விழுந்த எண்ணெயை ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் பிடித்து, கடைசிச் சொட்டுவரைக்கும் வடியவிட்டு, பட்டறை மூலையிலிருந்த டிரம்மில் கொண்டுபோய்க் கொட்டினார். கழிவு எண்ணெய் அபாயகரமான கழிவு என்று சட்டம் சொல்லுகிறது. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் அது போகவேண்டும். "எடுத்துக்கொண்டு போக யாராவது வருவார்களா?" என்று கேட்டேன். "வருவாங்க சார்" என்றார். நான் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே வந்தார்கள்: எதிர்வரிசையில் வீடு கட்டும் சென்ட்ரிங் ஆட்கள் இரண்டு பேர், பலகைக்குத் தடவ வேண்டுமென்று, கையில் ஒரு பத்து லிட்டர்க் கேனோடு.